கஜா மிஸ் உதறாத புத்தகம்

திருப்பிக் கொடுக்கும் புத்தகத்தை கஜா மிஸ் உடனே தட்டில் வைக்க மாட்டார். இரண்டு அட்டைகளையும் இரண்டு கைகளால் விரித்து, முதுகு மேலேயும் தாள்கள் கீழேயுமாக, சந்தையில் கோழியைக் காலில் பிடித்துத் தூக்குவதுபோலத் தூக்குவார். மேசைக்கு ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி மூன்று தரம் உதறுவார். முதலாவது மரியாதைக்கு. இரண்டாவது பலமாக, தோள் வரை அசையும். மூன்றாவதை உதறல் என்றே சொல்ல முடியாது. பால் குடித்த பிள்ளைக்கு ஏப்பம் வரத் தட்டுவதுபோல ஒரு சின்ன நடுக்கம். பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான் ஏதாவது விழும்.

விழுந்தவற்றில் பஸ் டிக்கெட் அதிகம். அதற்கடுத்தது தலைக் கிளிப். பரீட்சை அனுமதி அட்டை, டொபி உறை, காய்ந்த அரச இலை, கிழித்துப் பாதியான புகைப்படம், யாரோ ஒருவரின் மூக்குக் கண்ணாடியின் ஒற்றைக் கால். ஒருமுறை, களப்பணிக்குப் போய்த் திரும்பிய புத்தகத்திலிருந்து நன்றாக அழுத்திக் காய்ந்த அட்டைப்பூச்சி ஒன்று விழுந்தது. சடங்குகளைப் பற்றிய அத்தியாயத்தை அது பாதி குடித்திருந்தது. எது விழுந்தாலும் கஜா மிஸ் முகம் மாறாது. ஒரு பழுப்புக் கடித உறையில் போட்டு, மேலே புத்தகத்தின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி, மேசைக்குக் கீழே இருக்கும் பிஸ்கட் தகரத்தில் போட்டுவிடுவார். முப்பத்தைந்து வருடங்களில் அப்படி ஏழு தகரங்கள் நிறைந்திருந்தன.

என்னுடைய துண்டும் ஒன்று விழுந்தது. நான் பார்க்கவில்லை என்பதுபோல நின்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இது ஒங்களுதா தம்பி?"

"ஒரு கவிதை மிஸ்."

"ஏன் ஒவ்வொரு வரியும் பாதியிலேயே நிக்குது? பேப்பர் போதலியா?"

அதுவும் உறைக்குள் போனது.

கஜா மிஸ்ஸின் முழுப் பெயர் கஜலட்சுமி. பீடத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் அவர் மிஸிஸ் ராஜலிங்கம். சிங்கள மாணவர்களுக்கு கஜா அக்கா. கண்டியில் பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் வந்துவிடக்கூடிய எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது விளக்கம் கேட்டு மூன்று பிரதிகளில் கடிதம் அனுப்புவார்கள். மானிடவியல் நூலகம் என்று மூன்று மொழிகளில் பலகை மாட்டிய, மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகும், ஜன்னலைத் திறந்தால் குரங்கு வரும் ஒற்றை அறை அது. அந்த அறைதான் கஜா மிஸ்ஸின் உலகம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அவருடைய உலகம், கண்டி மாநகரசபைத் தொழிலாளர்களின் லய வீடுகள் வரிசையாக நிற்கும் மஹய்யாவயில் இருந்தது. அறை அவருடைய வேலை. இரண்டையும் அவர் குழப்பிக்கொண்டதில்லை.

அவருடைய அப்பா மாநகரசபையில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை. மஹய்யாவயில் மூன்று தலைமுறை. ஊர்ப் பெயரைச் சொன்னதும் கண்டியில் சிலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கஜா மிஸ் அதற்காகவே உரக்கச் சொல்வார். உயர்தரம் முடித்துவிட்டு, இருபத்தொரு வயதில், தொண்ணூறாம் ஆண்டு இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்தார். மானிடவியல் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

"பக்கத்து வீட்ட எட்டிப் பாக்கிறதுங்க சேர். ஆனா இவங்க பாத்துட்டு எழுதி வச்சுக்குவாங்க."

வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தத் துறையில் அதைவிடத் தெளிவான வரைவிலக்கணம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு இந்தப் படிப்பில் பெரிய மரியாதை கிடையாது. காரணம் இருந்தது. சின்ன வயதில் அவர்களுடைய லயத்துக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவர் வந்து, என்ன சாப்பிடுவீர்கள், யாருக்கு யாரைக் கட்டிக் கொடுப்பீர்கள் என்று ஆறு மாதம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம், தூசி தட்டும்போது அந்த ஆய்வேடு அவருடைய கையில் அகப்பட்டது. அம்மா அதில் தகவலாளி பதினான்கு.

"முப்பத்தாறாம் பக்கத்துல எங்கம்மா பொய் சொல்லியிருக்காங்க தம்பி. வெள்ளிக்கெழம கறி திங்க மாட்டோமாம். அன்னக்கித்தான் எங்க வீட்ல கருவாடு." அன்றிலிருந்து வீட்டில் அம்மாவுக்குப் பெயர் பதினாலு. "பதினால டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், நாளைக்கி லீவு" என்று அவர் சொன்னால் எங்களுக்குப் புரியும்.

கணவர் ராஜலிங்கம் குட்ஷெட் பஸ் நிலையத்தில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். தினமும் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய்த் தேநீர் ஊற்றுவார். ஊற்றும்போது தொலைபேசி எடுப்பார். நூலகத்தின் அமைதியைக் கிழித்துக்கொண்டு அந்தக் கேள்வி வரும்.

"சீனி எங்க இருக்கு?"

"நேத்து இருந்த எடத்துல."

முப்பது வருட மணவாழ்க்கை. இதைவிட மோசமான உரையாடல்களை நான் ஆய்வேடுகளில் படித்திருக்கிறேன்.

நூலகம் மாணவர்களுக்கு என்ன தந்தது என்று கேட்டால், அதிகம் ஒன்றுமில்லை. ஆறாயிரம் புத்தகங்கள். மூன்று மேசைகள், அதில் ஒன்று ஆடும். பழைய ஆய்வேடுகள் இரண்டு அலுமாரி. களப்பணிக்குப் போகிறவர்களுக்கு மூன்று நாள் இரவலாக ஒரு துணிப்பை: அதற்குள் ஒலிப்பதிவுக் கருவி, டோர்ச், குடை, அட்டைக்கடிக்கு ஒரு சவர்க்காரக் கட்டி. பையைத் தரும்போது கஜா மிஸ் இலவசமாக ஒரு பயிற்சியும் தருவார்: "போன ஒடனே கேள்வி கேக்காதீங்க. மொதல்ல அவங்க கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. ஒங்களுக்கு எத்தன அக்கா தங்கச்சின்னு கேப்பாங்க. சொல்லுங்க. அதுக்கப்புறம் அவங்களே பேசுவாங்க." முறையியல் பாடத்தில் இரண்டு பருவங்களில் நடத்தியதன் சாரம் இதுதான்.

சென்ற வருடம் ஆவணியில் கடிதம் வந்தது. அறையை எடுத்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு திரையில் பேசுவதற்கான கூடமாக்கப் போகிறார்கள். புத்தகங்கள் பிரதான நூலகத்தின் நிலக்கீழ் அறைக்கு. மிஸிஸ் ராஜலிங்கம் பரீட்சைக் கிளையின் களஞ்சியத்துக்கு, விடைத்தாள் கட்ட. இது இடவசதிக் குழுவின் தீர்மானம். தலைவர், பேராசிரியர் ஜெயராஜ்.

ஜெயராஜ் சேர் எங்கள் துறைதான். யாழ்ப்பாணத்தில் பெயர் தெரிந்த குடும்பம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கேயே மாணவராக இருந்து, இங்கிலாந்துக்குப் போய், மேல் பட்டத்தோடு திரும்பியவர். உறவுமுறை அவருடைய துறை. எந்தச் சமூகத்தில் யார் யாரைக் கட்டலாம், யார் யாரைக் கட்டக் கூடாது என்பதில் நாட்டிலேயே அவரை அடிக்க ஆள் கிடையாது. மாநாடு மாநாடாகப் போய் அதைச் சொல்லுவார். இந்த நூலகத்துக்கு மட்டும் வர மாட்டார். தேவையான புத்தகத்துக்கு ஆள் அனுப்புவார்.

கஜா மிஸ் கடிதத்தை வாசித்து, அதையும் ஒரு தரம் உதறிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

"எனக்கு இன்னும் நாலு வருசந்தான். நான் வெடத்தாள் கட்டிட்டுப் போயிருவேன். ஆனா புஸ்தகத்தக் கீழ எறக்குனா ஆறே மாசம். காளான் பறிக்கலாம்." கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். "பொய்யி. நானும் கட்ட மாட்டேன். எனக்கு இந்த எடந்தான் வேணும்."

அவர் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

என் வகுப்பில் படித்த சுகிர்தா நாவலப்பிட்டிக்காரி. வாய் திறந்தால் எதிரே நிற்பவர் ஏதாவது ஒரு படிவத்தில் கையொப்பம் வைத்துவிட்டுத்தான் நகர்வார். அவள் பீடாதிபதியிடம் போனாள். நூலக வாரம் ஒன்று நடத்துங்கள், இருநூறு பேராவது வந்து வருகை இடாப்பில் கையொப்பமிட்டால் குழு மறுபடி யோசிக்கும் என்ற பதிலோடு வந்தாள். அந்த அறைக்கு நாளொன்றுக்கு வருகிறவர்கள் ஒன்பது பேர். மழை பெய்தால் பதினொன்று.

திங்கட்கிழமை நூலக அறிமுக உலா. அறையைச் சுற்றி வர நான்கு நிமிடம் போதும். ஆறு பேர் வந்தார்கள். அதில் இருவர் பக்கத்து மண்டபத்தில் நடந்த இரத்ததானத்துக்கு வந்து வழி தவறியவர்கள். கஜா மிஸ் கையை நீட்டிக்கொண்டே நடந்தார். "இது தாய்வழிச் சமூகம். இது தந்தைவழிச் சமூகம். இந்த ஆணியில தொங்குறது கக்கூஸ் சாவி."

புதன்கிழமை, ஆய்வேட்டில் மேற்கோள் எழுதுவது எப்படி என்ற பட்டறை. நடத்தியது சுகிர்தா. வந்தது நான்கு பேர். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் பஹீம், கூட்டம் சேர்க்க வேண்டும் என்று உம்மாவைக் கொண்டு முப்பது கட்லட் பொரித்துக்கொண்டு வந்திருந்தான். மேற்கோள் குறியை எங்கே போடுவது என்று சுகிர்தா விளக்கிக்கொண்டிருக்கையில் ஜன்னலால் குரங்கு வந்து தட்டோடு தூக்கிக்கொண்டு போனது.

"குரங்கையும் சேத்தா அஞ்சு பேர்" என்றான் பஹீம். "கையொப்பம் எடுத்தீக்கலாம், பாய்ஞ்சிட்டு."

ஸ்டேப்ளர் தேடி மேசைக்குக் கீழே குனிந்த சுகிர்தா பிஸ்கட் தகரங்களைக் கண்டது அன்று மாலைதான்.

"மிஸ், இது என்ன?"

"குப்ப."

"குப்பைக்கு ஏன் மிஸ் நம்பர், திகதி எல்லாம்?"

 சுகிர்தா ஒரு தகரத்தைத் தரையில் கவிழ்த்தாள். நாங்கள் மூவரும் மானிடவியல் மாணவர்கள். ஒழுங்காக இலக்கமிட்ட குப்பையைப் பார்த்தால் எங்களுக்கு மூச்சு முட்டும். மறுநாள் முழுவதும் விரிவுரைகளுக்குப் போகாமல் அட்டைகள் வெட்டினோம். கண்காட்சி: 'புத்தகங்களிலிருந்து விழுந்தவை'. வெள்ளியும் சனியும்.

குறிப்புகள் எழுதும் பொறுப்பை சுகிர்தா எடுத்துக்கொண்டாள். கோடுகளும் வட்டங்களும் புள்ளிகளுமாக ஒரு தாள் இருந்தது. அதற்குக் கீழே அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'காப்புச் சடங்கொன்றுக்கான வரைபடம். மையத்திலுள்ள வட்டம் தூய்மையையும், வெளியேறும் கோடு தீட்டையும் குறிக்கின்றன எனலாம்.' கஜா மிஸ் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இது எங்க வீட்டு கக்கூஸ் பைப்பு. எங்க வீட்டுக்காரர் வரைஞ்சது. நான் எங்கயோ வச்சுட்டேன்னு ஒரு வருசம் சண்ட."

சுகிர்தா முகம் சிவந்து தாளைப் பிடுங்கப் போனாள். "இருக்கட்டும்மா" என்றார் மிஸ். "நீ எழுதுனதுல பெரிய தப்பு ஒண்ணுமில்ல. உள்ள சுத்தம், வெளிய தீட்டு. பைப்பும் அதுக்குத்தானே." குறிப்பு அப்படியே தொங்கியது, கீழே திருத்தமும் தொங்கியது. கண்காட்சியில் அதிகம் படமெடுக்கப்பட்டது அதுதான்.

கடிதங்கள் மட்டும் அறுபத்து மூன்று இருந்தன. கஜா மிஸ் ஒன்றையும் பிரிக்க விடவில்லை. மடித்தபடியே, இலக்கத்தை மட்டும் காட்டித் தொங்கவிட வேண்டும். எழுதியவரோ பெற்றவரோ வந்து முதல் வரியைச் சொன்னால், மிஸ் தானே பிரித்துப் பார்த்து, சரியென்றால் கொடுத்துவிடுவார். இதை பஹீம் பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினான்: 'தொண்ணூறாம் ஆண்டு முதல் புத்தகங்களில் விட்டுப்போன காதல் கடிதங்கள் காட்சிக்கு. காதலித்தவர்கள் வரவும். காதலிக்கவில்லை என்றவர்கள் கட்டாயம் வரவும்.'

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரிசை நின்றது. கண்டியில் ஒரு வங்கி முகாமையாளர். இரண்டு பிரதி அதிபர்கள். கேகாலையிலிருந்து ஒரு சட்டத்தரணி, கறுப்புக் கண்ணாடியோடு. எல்லோரும் சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். எல்லோரும் கடிதங்கள் தொங்கும் கயிற்றுக்கு நேரே போனார்கள்.

வங்கி முகாமையாளர் ஒரு மடிப்பைக் காட்டிக் கஜா மிஸ்ஸின் காதருகே குனிந்து முதல் வரியைச் சொன்னார்: "நலம். நலமறிய ஆவல்."

மிஸ் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தார். சரி. கொடுத்தார். முகாமையாளர் இரண்டடி தள்ளி நின்று வாசித்துவிட்டு, வெளுத்துப்போய்த் திரும்பி வந்தார்.

"இது என்னுடையதில்லை மிஸ். ஆனா... நான் எழுதின அதே பிள்ளைக்குத்தான்."

அதற்குப் பிறகு வந்த தமிழர் ஒன்பது பேரும் சொன்ன முதல் வரி அதுவேதான். கஜா மிஸ் தலையில் அடித்துக்கொண்டார். "காதலிக்கிறப்ப கூடவா இப்புடி எழுதுவீங்க? லோன் கேட்டு எழுதுற மாதிரி!" சோதனை மாற்றப்பட்டது. முதல் வரியும் வேண்டாம், 'பதில் காணத் துடிக்கும்' என்ற கடைசி வரியும் வேண்டாம், நடுவில் ஒரு வரி சொல்ல வேண்டும். அதில் பாதிப் பேர் தோற்றார்கள். ஒரு பிரதி அதிபர், ஐம்பது வயது அம்மா, கண்ணை மூடிக்கொண்டு நடுப்பக்கம் முழுவதையும் ஒப்புவித்தார். பின்னால் நின்ற எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது முடித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கைதட்டினார்கள்.

சனி நண்பகல் இடாப்பில் இருநூற்று எழுபத்தொரு கையொப்பம். நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம்.

அன்று காலை எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தேன். கஜா மிஸ் கைப்பையைத் திறந்து ஒரு உறையை எடுத்தார். தகரத்திலிருந்து அல்ல, கைப்பையிலிருந்து. மற்றவற்றைப்போல ஒட்டாமல் திறந்து கிடக்கும் உறை அல்ல. நான்கு பக்கமும் பசை போட்டு ஒட்டியது. மேலே இலக்கம்: 306.83. உறவுமுறைப் பகுதி. கீழே அவருடைய கையெழுத்தில்: 'புத்தகம் வந்தால் உறை போகும்.' அறையின் பின்சுவரில், ஜன்னலோரம், ஆள் உயரத்தில் குண்டூசி குத்தினார். கடிதக் கயிற்றுக்கு வெகு தூரத்தில். அங்கே யாரும் வரமாட்டார்கள், முன்னால் வையுங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் தன் கதிரைக்குப் போய்விட்டார். எப்போதும்போல.

இரண்டு மணிக்கு ஜெயராஜ் சேர் வந்தார். கூடவே அளவு நாடாவோடு ஒரு தொழில்நுட்பவியலாளர். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. சுகிர்தா இடாப்பை நீட்டினாள். அவர் அதைத் திறக்கவில்லை.

"சனம் வாறது வேற, வாசிக்கிறது வேற பிள்ளை. இது நூலகமோ, காணாமற்போன சாமான் கந்தோரோ? நல்லாத்தான் செய்திருக்கிறியள். ஆனா குழுவின்ர முடிவு முடிவுதான். திரை எங்க பொருத்துறதெண்டு பார்த்திட்டுப் போறன்."

தொழில்நுட்பவியலாளர் நாடாவின் நுனியை வாசல் மூலையில் அழுத்திப் பிடித்தார். சேர் மறுமுனையோடு பின்சுவர் நெடுகப் பின்னோக்கி நடந்தார். பத்தடி. பதினைந்தடி. கஜா மிஸ் தன் கதிரையை விட்டு எழும்பவில்லை. யாரோ திருப்பிக் கொடுத்த புத்தகமொன்றை உதறிக்கொண்டிருந்தார். பதினெட்டடியில் ஜன்னல் வந்தது. சேர் அளவைப் பார்க்கத் திரும்பினார். உறை அவருடைய மூக்குக்கு நேரே இருந்தது.

 தொழில்நுட்பவியலாளர், "சேர், அளவு?" என்றார். சேர் கையை விட்டுவிட்டார். நாடா சர்ரென்று அறை முழுக்க ஓடி, அந்த ஆளின் விரலைக் கடித்தது.

"கஜலட்சுமி, இது என்ன?"

"புஸ்தகத்தோட நம்பருங்க சேர்."

"உள்ளுக்கு என்ன இருக்கு?"

"புஸ்தகம் வந்தாத்தான் தொறப்பேன்."

"வராட்டி?"

"வராட்டி இப்புடியே தொங்கும். அறைய மூடுறப்ப, காணாமப் போன புஸ்தகம் எதெது, கடைசியா எடுத்தது யாருன்னு பேரோட லிஸ்ட்டு குடுக்கணும்னு எழுதியிருக்கீங்களே சேர். சுத்துநிருபத்துல. அப்ப இதையும் குடுத்துருவேன்."

சேர் வாசலை நோக்கி நடந்தார்.  வெளியே போகும்போது இடாப்பில் கையொப்பமிட்டார். இருநூற்று எழுபத்திரண்டு.

அவர் படியிறங்கும் வரை பொறுத்திருந்து பஹீம் வெடித்தான். "மச்சான், வெளங்கிச்சா? புஸ்தகத்த எடுத்துட்டுப் போனதே மனுசன்தான்! நூலகத்த மூட வந்தவரே புஸ்தகக் கள்ளன்!" சுகிர்தா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இருபது வருடமாகச் சின்னப் பொடியன்களை மேற்கோள் திருட்டுக்காகப் பரீட்சையில் விழுத்திய மனிதர். கஜா மிஸ் மட்டும் அடுத்த புத்தகத்தை உதறினார். பஸ் டிக்கெட் விழுந்தது.

திங்கட்கிழமை காலை, வாசலில் இருக்கும் மரப்பெட்டியில், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சுற்றிய ஒரு பொதி கிடந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மிஸ் பத்திரிகையைப் பிரித்தார். பச்சை அட்டை, மூலைகள் தேய்ந்தது. முதுகில் மங்கிப்போய் 306.83. சேலைத் தலைப்பால் துடைத்தார். நான் அந்த மூன்று உதறலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அத்தனை வருடம் போய் வந்த புத்தகத்தில் என்னதான் இருக்காது!

அவர் உதறவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்து, அதன்மேல் கைப்பையை வைத்தார்.

"மிஸ், உதறலியா?"

"அதுல ஒண்ணும் இருக்காது தம்பி."

பிறகு எழுந்து போய்ச் சுவரிலிருந்த உறையைக் கழற்றினார். அன்று மூன்று மணிக்குத் தொலைபேசி வந்தபோது, சீனி எங்கே இருக்கிறது என்பதை முதற்தடவையாக ஒழுங்காகச் சொன்னார்: மேல் தட்டில், மஞ்சள் மூடிப் போத்தலில். மறுமுனையில் ராஜலிங்கம் பயந்துபோய், "ஒடம்புக்கு ஏதும் சரியில்லியா?" என்று கேட்டது எங்களுக்கே கேட்டது.

இரண்டு வாரத்தில் குழுவின் கடிதம் வந்தது. 'மாணவர்களின் ஆர்வத்தைக் கருத்திற்கொண்டு' அறை இருக்கும் இடத்திலேயே இருக்கும். திரைக்கூடம் விரிவுரையாளர்களின் கரம் போர்டு அறைக்குப் போகும். விரிவுரையாளர்கள் ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம் செய்தார்கள். புத்தகக் கள்ளன் கதை கென்டீனில் ஒரு பருவம் முழுக்க ஓடியது. நானும் அதை நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நன்றாகவே சொல்வேன் என்று பெயர்.

பட்டம் முடிந்ததும் வேலை கிடைக்கும் வரை, அந்த அறையிலேயே தற்காலிகமாக ஒரு வேலை தந்தார்கள். பழைய இரவல் அட்டைகளைக் கணினியில் ஏற்றுவது. கணினி வருவதற்கு முந்தைய முறை அது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை, புத்தகம் வெளியே போகும்போது எடுத்தவர் பெயரை எழுதி, அட்டையை நூலகத்தில் வைத்துக்கொள்வார்கள், புத்தகம் திரும்பினால் அட்டை அதன் பையில் போய்விடும். ஒரு புத்தகம் முப்பத்து மூன்று வருடம் வராவிட்டால், அதன் அட்டை முப்பத்து மூன்று வருடம் நூலகத்தில் இருக்கும். அல்லது நூலகரின் கைப்பையில்.

வைகாசியில் ஒரு மழை நாள், கஜா மிஸ் பதினாலை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போய் லீவு. நான் 306 வரிசைக்கு வந்திருந்தேன். பச்சைப் புத்தகத்தின் பின்னட்டைப் பையில் அட்டை இருந்தது. ஓரங்களில் இன்னும் பழுப்பு உறையின் பசை.

பதினொரு வரிகள். எல்லாம் தொண்ணூற்றிரண்டு, மாசி முதல் புரட்டாதி வரை. கடைசியைத் தவிர ஒன்றும் நான்கு நாளுக்கு மேல் வெளியே இருக்கவில்லை. முதல் வரியில் எஸ். ஜெயராஜ். இரண்டாவதில் கே. கஜலட்சுமி. மூன்றாவதில் எஸ். ஜெயராஜ். நான்காவதில் கே. கஜலட்சுமி. ஒன்று விட்டு ஒன்றாக அப்படியே கீழே இறங்கி, பதினோராவதில் எஸ். ஜெயராஜ். எட்டு மாதம் இந்தப் பச்சை அட்டைக்குள் வேறு தாள்களும் கை மாறியிருக்க வேண்டும். அந்தப் பதினோராவது வரிக்கு நேரே திருப்பிய திகதிக்கான கட்டத்தில், மற்ற எல்லாம் மங்கிப் பழுப்பாகியிருக்க, புது நீல மையில், மிஸ்ஸின் கையெழுத்தில் சென்ற வருடத்தின் அந்தத் திங்கட்கிழமை எழுதப்பட்டிருந்தது.